கோழிக்குத் தடுப்பூசி கண்ட லூயி பாஸ்டர்

தோல் பதனிடும் தொழிலாளியின் மகன் உலகம் போற்றும் மேதை ஆன வரலாறு

கொல்லையில் பத்துக் கோழி வளர்க்கும் வீட்டில் நடப்பது இது. முந்தின நாள் வரை குப்பையைக் கிளறி மேய்ந்த கோழி காலையில் இறக்கையைத் தொங்கவிட்டு ஒரு மூலையில் நிற்கும். வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கும். வெள்ளையும் பச்சையுமாகக் கழியும். கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ளும். மறுநாள் அது செத்துக் கிடக்கும். வாரம் முடிவதற்குள் கூடு காலியாகிவிடும்.

இதை நம் ஊர்ப்பக்கம் வெள்ளைக் கழிச்சல் என்பார்கள். கால்நடை டாக்டர்கள் வைத்த பெயர் ராணிக்கெட் நோய். வந்த பிறகு இதற்கு மருந்து கிடையாது. வருவதற்கு முன்னால் போட்டுக்கொள்ளத் தடுப்பூசி உண்டு. அதுவும் அரசாங்க கால்நடை ஆஸ்பத்திரியில் கிடைக்கக்கூடியதுதான்.

மனிதனுக்கு அம்மை குத்துவது போல கோழிக்கும் குத்தலாம் என்று முதலில் காட்டியவர் யார்? லூயி பாஸ்டர். நாய்க்கடி ஊசி கண்டுபிடித்தவர் என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்திருப்போம். அந்த நாய்க்கடி ஊசிக்கே வழி திறந்துவிட்டது ஒரு கூட்டம் கோழிகள் என்பது பலருக்குத் தெரியாது.

தோல் ஷாப்பில் பிறந்தவர்

பாஸ்டர் 1822-ம் ஆண்டு டிசம்பர் 27-ந் தேதி பிரான்ஸ் நாட்டில் டோல் என்ற சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் ழான் ஜோசப், நெப்போலியன் படையில் சார்ஜெண்ட் மேஜராக இருந்தவர். போர் முடிந்து ஊர் திரும்பியதும் குலத்தொழிலான தோல் பதனிடுதலைச் செய்தார். பிறகு குடும்பம் ஆர்புவா என்ற ஊரில் குடியேறியது. ஆற்றங்கரையில் வீடு. வீட்டிலேயே தோல் ஊறும் தொட்டிகள்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையிலிருந்து பெங்களூர் வந்தவர்களுக்கு அந்த வாடை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இங்கே டேனரி ரோட்டில் இருப்பவர்களுக்கும் தெரியும். அந்த வாடையில் வளர்ந்த பிள்ளைதான் பாஸ்டர்.

படிப்பில் அவர் அப்படி ஒன்றும் சூரப்புலி இல்லை. படம் வரைவதில்தான் ஆசை. தாய், தகப்பன், அக்கம்பக்கத்தார் முகங்களை வண்ணக் கட்டியால் வரைந்து தள்ளினார். அந்தப் படங்களில் பல இன்னும் இருக்கின்றன.

அவருக்கு எட்டு வயது இருக்கும்போது, 1831-ல், வெறி பிடித்த ஓநாய் ஒன்று அந்த வட்டாரத்தில் புகுந்து பலரைக் கடித்தது. அந்தக் காலத்தில் இதற்கு ஒரே வைத்தியம், கொல்லன் பட்டறையில் இரும்பைப் பழுக்கக் காய்ச்சிக் கடிவாயில் வைப்பது. அதைச் சிறுவன் பாஸ்டர் பார்த்தான். அப்படிச் சூடு பட்டும் சிலர் பிழைக்கவில்லை.

ஊர் ஏக்கம்

1838-ல், பதினைந்து வயதில், அவரைப் படிக்கப் பாரிசுக்கு அனுப்பினார்கள். கூட ஒரு சிநேகிதனும் போனான். ஆனால் பாரிசில் பாஸ்டருக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை. வீட்டுத் தோல் தொட்டியின் வாடைக்கே ஏங்கிப் போனார். சில வாரங்களில் தகப்பனார் வந்து ஊருக்கு அழைத்துப் போய்விட்டார்.

வேலை தேடி வெளிமாநிலம் வந்து, முதல் மாதத்திலேயே திரும்பி ரயில் ஏறியவர்கள் நம்மிலும் உண்டு. அது தோல்வி அல்ல. பாஸ்டர் பிறகு வீட்டுக்குப் பக்கமாக இருந்த பெசன்சோன் நகரில் படித்தார். அங்கேயே உதவி ஆசிரியர் வேலையும் பார்த்தார். 1842-ல் விஞ்ஞானப் பட்டப் பரீட்சை எழுதினார். அதில் ரசாயனப் பாடத்தில் அவருக்குக் கிடைத்தது, சுமார் ரகம் என்ற மதிப்பீடு!

பாரிசின் பெரிய ஆசிரியர் கல்லூரியான எகோல் நார்மலுக்கு நுழைவுப் பரீட்சை எழுதினார். தேறினார். ஆனால் வரிசையில் கீழே வந்ததால் அவருக்குத் திருப்தி இல்லை. இடத்தை வேண்டாம் என்று விட்டுவிட்டு, மறு வருஷம் மீண்டும் எழுதி, மேலான இடம் பெற்று 1843-ல் சேர்ந்தார். இந்த முறை பாரிஸ் அவரை விரட்டவில்லை.

படிகத்தில் தொடங்கிய ஆராய்ச்சி

1848-ல் அவர் செய்த முதல் பெரிய கண்டுபிடிப்பு, திராட்சை ரசத்திலிருந்து வரும் ஒரு அமில உப்பைப் பற்றியது. ஒரே பொருள் என்று எல்லோரும் நினைத்திருந்த அந்த உப்பில் இரண்டு வகைப் படிகங்கள் இருப்பதைக் கண்டார். இடது கையும் வலது கையும் போல ஒன்றுக்கு ஒன்று எதிர்வடிவம். பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பிரித்தார். அப்போது வயது 25.

1849-ல் ஸ்டிராஸ்பூர்க் நகரில் பேராசிரியர் ஆனார். அங்கே மேரி லாரன் என்ற பெண்ணை மணந்தார். அந்த அம்மாள் வெறும் வீட்டுக்காரியாக இருந்துவிடவில்லை. கணவர் சொல்லச் சொல்ல எழுதுவார். ஆராய்ச்சி விவரங்களை இரவில் உட்கார்ந்து பிரதி எடுப்பார். கடைசிவரை அவருக்கு ஒரு காரியதரிசி போல இருந்தார்.

1854-ல் லீல் நகருக்குப் போனார். அது ஆலைகள் நிறைந்த ஊர். பீட்ரூட் கிழங்கிலிருந்து சாராயம் எடுக்கும் முதலாளி ஒருவர், தொட்டியில் சரக்கு கெட்டுப் போகிறது என்று வந்து நின்றார். பாஸ்டர் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். நல்ல தொட்டியில் ஒரு வகை உயிரணுக்கள், கெட்ட தொட்டியில் வேறு வகை. புளிக்க வைப்பதும் உயிர், கெடுப்பதும் உயிர் என்று கண்டார்.

கிருமி தானாகத் தோன்றுவதில்லை, வெளியிலிருந்துதான் வருகிறது என்பதை, அன்னக்கழுத்துப் போல வளைந்த கண்ணாடிக் குடுவைகளை வைத்து நிரூபித்தார். காய்ச்சிய சாறு அந்தக் குடுவையில் கெடாமலே இருந்தது. கழுத்தை உடைத்ததும் கெட்டது.

திராட்சை மது கெடாமலிருக்க அதை 50, 60 டிகிரி வரை சூடாக்கினால் போதும் என்று சொன்னதும் அவர்தான். இன்று காலையில் நாம் வாங்கும் நந்தினி பால் பாக்கெட்டில் பாஸ்டரைஸ்டு என்று போட்டிருக்கிறதே, அது இவர் பெயர்தான்!

பட்டுப்புழுவும் குடும்பத் துயரமும்

1865-ல் பிரான்சின் தெற்கே பட்டுத் தொழில் அழிந்துகொண்டிருந்தது. பட்டுப்புழுக்கள் மேலே மிளகுத்தூள் தூவினாற்போலப் புள்ளி விழுந்து செத்தன. போய்ப் பாரும் என்று பாஸ்டரை அவருடைய குருநாதர் டூமா கேட்டுக்கொண்டார். பாஸ்டர் அதுவரை பட்டுப்புழுவைக் கையால் தொட்டதில்லை. இருந்தும் போனார்.

அந்த ஆண்டுகளில் அவர் வீட்டில் விழுந்த அடிகள் கொஞ்சமல்ல. ஏற்கெனவே 1859-ல் மூத்த மகள் ழான் டைபாய்டு காய்ச்சலில் இறந்திருந்தாள். 1865-ல் தகப்பனார் காலமானார். அதே ஆண்டு இரண்டு வயதுக் குழந்தை கமீல் போய்விட்டது. 1866-ல் பன்னிரண்டு வயது மகள் செசீலையும் டைபாய்டு கொண்டுபோயிற்று. ஐந்து பிள்ளைகளில் மூவரை மண்ணுக்குக் கொடுத்தார். தொற்று நோய் என்பது அவருக்கு வெறும் ஆராய்ச்சிப் பொருள் அல்ல, சொந்த வீட்டுக்குள் வந்த எமன்.

1868 அக்டோபரில் அவருக்கே பக்கவாதம் வந்தது. வயது 45. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. இனி பிழைத்தாலும் வேலை செய்ய முடியாது என்றே பலரும் எண்ணினார்கள். மூன்று மாதம் கழித்து, 1869 ஜனவரியில், அவர் மறுபடியும் பட்டுப்புழு ஊருக்கு வண்டி ஏறினார். இடது கை கடைசிவரை சரியாகவில்லை.

முட்டையிட்ட தாய் அந்துப்பூச்சியை நசுக்கி மைக்ராஸ்கோப்பில் பார்த்து, நோய்ப் புள்ளி இருந்தால் அந்த முட்டையை எரித்துவிடுவது என்ற முறையை அவர் வகுத்துக் கொடுத்தார். பிரான்சின் பட்டுத் தொழில் தலை நிமிர்ந்தது. ராமநகரம் மார்க்கெட்டில் கூடை கூடையாகப் பட்டுக்கூடு விற்கிறதே, அதற்கு வித்து தயாரிக்கும் வித்தகங்களில் இன்றும் தாய்ப்பூச்சிப் பரிசோதனை நடக்கிறது.

கோழிக் காலரா

இப்படிக் கிருமிகளைத் தேடிப் போன பாஸ்டர் கோழியிடம் வந்து சேர்ந்தது 1878, 79-ல். அப்போது ஐரோப்பாவில் கோழிக் காலரா என்ற நோய் பண்ணைகளைக் காலி செய்துகொண்டிருந்தது. காலையில் நன்றாக இருந்த கோழி, இறகைச் சிலிர்த்துப் பந்து போலச் சுருண்டு, தூங்குவது போலவே சாகும்.

இந்த நோயின் கிருமியை இத்தாலியில் பெரோன்சித்தோவும், பிரான்சில் தூலூஸ் நகரக் கால்நடை மருத்துவர் டூசேனும் ஏற்கெனவே கண்டிருந்தார்கள். டூசேன்தான், இந்த நோயால் செத்த சேவலின் தலையைப் பாஸ்டருக்கு அனுப்பி உதவியவர்.

கிருமியை வளர்க்க வேண்டுமே! பாஸ்டர் முதலில் வைத்துப் பார்த்த ஈஸ்ட் சாறு பயன்படவில்லை. பிறகு கோழிக்கறியையே வேகவைத்துச் சூப் எடுத்து, அதைக் கிருமி நீங்கக் காய்ச்சி, அதில் விட்டார். சில மணி நேரத்தில் சூப் கலங்கியது. அதில் ஒரு சொட்டு போதும், ஒரு கோழி சாவதற்கு.

1879 கோடை விடுமுறை வந்தது. ஆராய்ச்சிக்கூடத்தில் கிருமி விட்ட சூப் குடுவைகள் அப்படியே இருந்தன. விடுமுறை முடிந்து அந்தப் பழைய சூப்பைக் கோழிகளுக்குக் குத்தினார்கள். கோழிகள் சற்று வாடின, சாகவில்லை. பிறகு அதே கோழிகளுக்குப் புதுக் கிருமியைக் குத்தினார்கள். சந்தையிலிருந்து புதிதாக வாங்கிய கோழிகளுக்கும் குத்தினார்கள். புதுக்கோழிகள் செத்தன. பழைய சூப் குத்திக்கொண்ட கோழிகள் உயிரோடு நின்றன!

இது வெறும் அதிர்ஷ்டம் என்று நெடுநாள் சொல்லி வந்தார்கள். பாஸ்டரின் கைப்பட எழுதிய நோட்டுப் புத்தகங்களைப் பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள் வேறு விதமாகச் சொல்கிறார்கள். ஒரே நாளில் விழுந்த அதிர்ஷ்டம் அல்ல அது. உதவியாளர் எமில் ரூவும் பாஸ்டரும் பல மாதம் திரும்பத் திரும்பச் செய்து பார்த்த வேலை. 1880 பிப்ரவரியில் பாஸ்டர் விஞ்ஞானக் கழகத்தில் இதை அறிவித்தார்.

கிருமி ஏன் பலவீனப்பட்டது? பழைய சூப்பில் நெடுநாள் காற்று பட்டதுதான் காரணம் என்று பாஸ்டர் முடிவு செய்தார். காற்றுப் புகாமல் மூடி வைத்த குடுவையில் கிருமியின் வீரியம் குறையவில்லை. ஆக, கொல்லும் கிருமியை மனிதன் தன் கையாலேயே பலவீனமாக்கலாம். அந்தப் பலவீனக் கிருமி உடம்புக்குள் போனால், உடம்பு எதிரியை அடையாளம் தெரிந்துகொள்ளும். நிஜக் கிருமி வரும்போது தயாராக நிற்கும்.

1796-ல் இங்கிலாந்தில் ஜென்னர், பசுவின் அம்மைப்பாலைக் கொண்டு பெரியம்மையைத் தடுத்தார். அது இயற்கையே தந்த மருந்து. அப்படி ஒன்று தானாகக் கிடைக்காத நோய்க்கு மனிதன் செய்துகொள்ளலாம் என்று காட்டியது இந்தக் கோழிச் சோதனை. ஜென்னரைக் கௌரவிக்க, எல்லாத் தடுப்பு மருந்துக்கும் வாக்சின் என்றே பெயர் வைக்கலாம் என்று 1881-ல் லண்டன் மருத்துவ மாநாட்டில் பாஸ்டர் சொன்னார். லத்தீன் மொழியில் வாக்கா என்றால் பசு.

ஆட்டுப் பட்டியில் பந்தயம்

கோழியில் பலித்தது ஆட்டில் பலிக்குமா? அடைப்பான் நோயால் ஆடு மாடுகள் மடிந்துகொண்டிருந்தன. 1881 மே மாதம் பாரிசுக்குத் தெற்கே பூயி லெ ஃபோர் என்ற ஊரில் எல்லோர் முன்னிலையிலும் சோதனை நடந்தது. 24 செம்மறி ஆடு, ஒரு வெள்ளாடு, 6 மாடு இவற்றுக்கு இரண்டு தவணை தடுப்பு மருந்து போட்டார்கள். இன்னொரு பட்டியில் அதே அளவு ஆடுகளுக்குப் போடவில்லை. மே 31-ல் எல்லாவற்றுக்கும் கொல்லும் கிருமியைக் குத்தினார்கள்.

ஜூன் 2-ந் தேதி ஊரே திரண்டது. பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். ஊசி போடாத பட்டியில் பெரும்பாலான ஆடுகள் செத்துக் கிடந்தன. மிச்சமிருந்தவை கூட்டத்தின் கண்ணெதிரே விழுந்தன. ஊசி போட்ட பட்டியில் எல்லாம் நின்று புல் மேய்ந்தன.

மேதையின் வாழ்விலும் ஒரு கறை உண்டு. அதை மறைத்து எழுதுவது முறையல்ல. அன்று ஆடுகளுக்குப் போட்ட மருந்து, பாஸ்டரின் காற்றுபடும் முறையில் செய்தது அல்ல. அவருடைய உதவியாளர் ஷாம்பர்லான் ஒரு ரசாயனத்தைக் கொண்டு கிருமியைப் பலவீனமாக்கிச் செய்தது. பாஸ்டர் அதை வெளியே சொல்லவில்லை. ரசாயனம் கொண்டு அடைப்பான் தடுப்பு மருந்து செய்ய அதற்கு முந்தின ஆண்டே முயன்றவர், சேவல் தலை அனுப்பிய அதே டூசேன். அவருக்கு உரிய புகழ் கிடைக்கவில்லை. நோய்வாய்ப்பட்டு 1890-ல், 43 வயதில், இறந்துபோனார். கோழிக் காலராவைப் பற்றிப் பேசும்போது அவர் பெயரையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

கண்ணுக்குத் தெரியாத எதிரி

அடுத்து வெறிநாய்க்கடி. இதன் கிருமியைப் பாஸ்டரால் மைக்ராஸ்கோப்பில் காண முடியவில்லை. காரணம், அது வைரஸ். அந்தக் கால மைக்ராஸ்கோப்புக்கு எட்டாத சிறிய பொருள். சூப்பில் வளராது, உயிருள்ள உடம்பில்தான் வளரும். எனவே முயலின் உடம்பில் அதை வளர்த்து, செத்த முயலின் தண்டுவடத்தை எடுத்து, உலர்ந்த காற்றுள்ள குடுவையில் தொங்கவிட்டார். நாள் ஆக ஆக அதன் வீரியம் குறைந்தது. கண்ணால் காணாத எதிரியையே பலவீனமாக்கிவிட்டார்!

1885 ஜூலை 6-ந் தேதி அல்சாஸ் பகுதியிலிருந்து ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனைத் தாய் அழைத்து வந்தாள். வெறிநாய் பல இடங்களில் கடித்திருந்தது. மனிதருக்குப் போடும் அளவுக்கு இந்த மருந்து இன்னும் தயாராகவில்லை என்பது ரூவின் எண்ணம். பாஸ்டரோ மருத்துவப் பட்டம் பெற்றவர் அல்ல, ஊசி போட அவருக்கு உரிமை இல்லை. டாக்டர் கிராஞ்சே ஊசி போட்டார். பத்து நாளில் பதின்மூன்று ஊசி. அந்த நாட்களில் பாஸ்டருக்குத் தூக்கமில்லை. பையன் பிழைத்தான். வளர்ந்த பிறகு பாஸ்டர் நிலையத்திலேயே வாயிற்காவலர் வேலை பார்த்தார்.

எல்லோரும் பிழைக்கவில்லை. நாள் கடந்து வந்த லூயிஸ் பெல்லெட்டியே என்ற சிறுமி இறந்தாள். ஆனால் 1886-ல் ருஷ்யாவின் ஸ்மோலென்ஸ்கிலிருந்து ஓநாய் கடித்து வந்த 19 பேரில் 16 பேர் பிழைத்துத் திரும்பினார்கள். ஆர்புவாவில் கொல்லன் பட்டறைக்கு ஓடியவர்களைப் பார்த்த சிறுவனுக்கு அந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும்!

பல நாட்டு மக்கள் பணம் அனுப்ப, 1888 நவம்பர் 14-ல் பாரிசில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. நம் நீலகிரியில் குன்னூரில் 1907-ல் தென்னிந்தியாவின் பாஸ்டர் நிலையம் வந்தது. நாய் கடித்தால் குன்னூருக்கு ஓடு என்று நம் பெரியவர்கள் சொன்னது அதைத்தான்.

1895 செப்டம்பர் 28-ல் பாஸ்டர் காலமானார். வயது 72. அவர் உடல் பாரிஸ் நிலையத்தின் கீழறையில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது. அங்கே சுவரில் கோழியும் ஆடும் முயலும் பதித்த சித்திரங்கள் உண்டு என்பது பொருத்தமே.

இமயமலையிலிருந்து ராணிப்பேட்டை வரை

நம் கொல்லைக் கோழியைக் கொல்லும் வெள்ளைக் கழிச்சல், பாஸ்டர் பார்த்த கோழிக் காலரா அல்ல. கோழிக் காலராவுக்குக் காரணம் பாக்டீரியா. வெள்ளைக் கழிச்சலுக்குக் காரணம் வைரஸ். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்றுக்குப் போட்ட ஊசி இன்னொன்றைத் தடுக்காது.

பாஸ்டர் இறந்து முப்பது ஆண்டு கழித்து, 1926-ல் இந்த நோய் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் அடையாளம் காணப்பட்டது. அதனால் உலகம் இதை நியூகாசில் நோய் என்கிறது. அடுத்து இமயமலை அடிவாரக் குமாவோன் பகுதியில் ராணிக்கெட் என்ற ஊரில் 1927, 28-ல் கண்டுபிடித்தார்கள். முக்தேஸ்வரில் இருந்த கால்நடை ஆராய்ச்சி நிலையத்தின் எட்வர்ட்ஸ் அதை ஆராய்ந்தார். அந்த ஊர்ப் பெயரே நம் நாட்டில் நோயின் பெயராகிவிட்டது.

வைரஸை எதில் வளர்ப்பது? கருவுள்ள கோழி முட்டையில். முட்டையிலிருந்து முட்டைக்கு மாற்றி மாற்றிச் செலுத்தினால் அதன் வீரியம் தணிந்தது. 1940-ல் எஸ்.ஜி. ஐயரும் டாப்சனும் இங்கிலாந்தில் இந்த வழியில் வெற்றி கண்டார்கள். 1940-களில் முக்தேஸ்வரில் ஹாடோவும் இத்னானியும் உருவாக்கிய தடுப்பு மருந்து இந்தியக் கோழிகளைக் காத்தது. முயலின் தண்டுவடத்தில் பாஸ்டர் செய்ததை இவர்கள் முட்டைக்குள் செய்தார்கள்.

தமிழ்நாட்டுக்கு இந்த மருந்தைத் தயாரிக்கும் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் 1932-ல் தொடங்கியது. எங்கே? தோல் ஷாப்புகளுக்குப் பெயர்போன ராணிப்பேட்டையில்! கர்நாடகத்துக்கு இங்கே ஹெப்பாளில் உள்ள கால்நடை உயிரியல் மருந்து நிலையம் இருக்கிறது.

நம் கோழிக்கு என்ன செய்வது?

லிங்கராஜபுரம், ஸ்ரீராமபுரம் போன்ற நெருக்கமான பகுதிகளிலும், ஆனேக்கல் பக்கம் இடம் வாங்கிக் குடியேறியவர் வீடுகளிலும் நாட்டுக்கோழி வளர்க்கிறவர்கள் உண்டு. பண்டிகைக்கு ஊர் போய்த் திரும்பும்போது ஜோலார்பேட்டை வண்டியில் கூடையில் கோழியோடு இறங்குகிறவர்களையும் பார்க்கிறோம். நோய் வருவது பெரும்பாலும் அந்தக் கூடையில்தான். சந்தைக் கோழி, எச்சம், தீவனம், தண்ணீர், செருப்பு, கை, எல்லாவற்றிலும் வைரஸ் ஒட்டிக்கொண்டு வரும். புதுக்கோழியை இரண்டு வாரமாவது தனியே கட்டிப் பார்த்துவிட்டுப் பிறகே மந்தையில் விட வேண்டும்.

குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்து விடுவார்கள். எட்டாவது வாரத்தில் இறக்கையின் தோலுக்கு அடியில் அரை மில்லி ஊசி. பிறகு எப்போது திரும்பப் போடுவது என்பதைக் கால்நடை டாக்டர் சொல்வார். ஊசிக்கு முன் பூச்சி மருந்து கொடுப்பது நல்லது. வாடி நிற்கும் கோழிக்குப் போடக்கூடாது. நோய் வந்த பிறகு போடுவதும் வீண்.

மருந்து ஐஸில் இருக்க வேண்டும். பாஸ்டரின் குடுவையில் வீரியம் குறைந்தது நன்மையாக முடிந்தது. இந்த மருந்தோ ஏற்கெனவே அளவாகத் தணித்தது. வெயிலில் மேலும் தணிந்தால் அது வெறும் தண்ணீர்தான். கலக்கியபின் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடித்துவிட வேண்டும்.

இங்கேதான் பத்துக் கோழி வளர்க்கும் ஏழைக்குச் சங்கடம். மருந்துக் குப்பி ஒன்றில் நூறு, இருநூறு கோழிக்கான மருந்து இருக்கிறது. பத்துக் கோழிக்காக அதைத் திறக்க முடியுமா? இதற்காகவே வெப்பம் தாங்கும் மருந்தை ஆஸ்திரேலியாவில் உருவாக்கினார்கள். தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம், தீனி போலக் கோழி கொத்தித் தின்னும் குருணை மருந்தே செய்திருக்கிறது. தமிழ்நாட்டில் பிப்ரவரி வாக்கில் கால்நடைத் துறை இரண்டு வார முகாம் நடத்தி, கிராமம் கிராமமாக இலவசமாக ஊசி போடுகிறது. ஊரில் கோழி வைத்திருக்கும் அம்மாவுக்கும் அக்காவுக்கும் போன் செய்து இதைச் சொல்லலாம்.

பெங்களூரில் இருப்பவர்கள் தெருவுக்கு நாலு வீடாகச் சேர்ந்து, கோழிகளை எண்ணி எழுதிக்கொண்டு, பக்கத்துக் கால்நடை ஆஸ்பத்திரியில் சொன்னால் ஒரு குப்பியை எல்லோருமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். சாயங்காலமே கோழிகளைக் கூடையில் கவிழ்த்து வைத்துவிட்டால், மறுநாள் காலையில் துரத்திப் பிடிக்கும் வேலை மிச்சம். செத்த கோழியைச் சாக்கடையில் வீசாமல் ஆழமாகக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும்.

ஒரு பெட்டைக்கோழி இடும் முட்டை, பிள்ளைக்குச் சத்து. விற்றால் பள்ளிக்கூட நோட்டுக்குக் காசு. சேவல் ஒன்று, அவசரத்துக்கு உதவும் கைமுதல். அந்தக் கைமுதல் ஒரே வாரத்தில் போகாமல் காக்க அரை மில்லி மருந்து போதும். கை கால் விழுந்த பிறகும் மைக்ராஸ்கோப்பை விடாத ஒரு தோல் தொழிலாளியின் மகன் அதற்கு வழி காட்டிவிட்டுப் போயிருக்கிறார்.